இரண்டாவது கியரில் வந்த ஆறு

அணையைத் திறந்துவிட்ட மறுநாள் காலை, ஆறு மலையடி ஊரின் கடைத்தெரு முக்கு வரை வந்து, அதற்கு மேல் வழி தெரியாமல் நின்றுவிட்டது. தேங்கியது என்று சிலர் சொல்கிறார்கள், தவறு. தேங்கிய தண்ணீர் சும்மா கிடக்கும், இது தவித்தது. முழங்கால் உயரத்துக்கு, தரை தெரியும் தெளிவோடு, செருப்புக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் நாலடி போகும், அந்தப் பக்கம் நாலடி போகும், திரும்பி வந்துவிடும். திறந்திருந்த வீடுகளுக்குள் வாசல் வழியாக நுழைந்து, சமையலறை வரை எட்டிப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் கொல்லைப்புறமாக வெளியேறியது. ஒரு கரண்டியைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அன்று தக்காளி மலிவு, ஆகவே கடைத்தெருவில் கூட்டம். ஜனங்கள் உடுத்தியிருந்ததைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றபடியே பேரம் பேசினார்கள். "யாராவது இதுக்கு வழி சொல்லுங்கப்பா, பாக்கவே பாவமா இருக்கு" என்று முதலில் வாயைத் திறந்தவர் மருந்துக்கடைக்காரர்.

ஆறு வழி தெரியாமல் நின்றதில் வியப்பு ஒன்றும் இல்லை. அணையை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. கடலுக்கு வழி தெரிந்த பழைய தண்ணீரெல்லாம் அப்போதே கடலுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. அணைக்குள் இருந்தது அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்த தண்ணீர். வெளியூர் போய்ப் பழக்கமில்லை. சுவரில் விரிசல் கண்டதால் அணையைக் காலி செய்தே ஆகவேண்டும் என்று கதவைத் தூக்கினார்கள். பாவம், அதுவும் சரிவைப் பார்த்து இறங்கி ஊர் வரை வந்துவிட்டது. ஊருக்குக் கீழே பழைய படுகை மணலும் நாணலுமாகக் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அந்த முக்கில் சாலை பல கிளையாகப் பிரிகிறது. படித்த மனிதர்களே அங்கே தடுமாறுவார்கள். அணைப் பொறியாளர் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "தண்ணியத் திறந்து விடறதுதாங்க என் வேலை. கூட்டிட்டுப் போறது எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு தெரியல. பின்னால இன்னும் நிறைய வருது" என்றார். பின்னால் நிறைய வருகிறது என்றதும்தான் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் தக்காளியைக் கீழே வைத்துவிட்டு மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே முக்கில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில், ஒரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. அதை நடத்திய பெண்மணிக்கு ஊர் வைத்த பெயர் ரெண்டாங்கியர். மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவாளே தவிர, தன் கையால் அதைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. அவளுடைய வெளிர்நீலக் காரில் முன்னும் பின்னும் எல் போர்டு. பின் கண்ணாடிக்குக் கீழே 'பதறாத காரியம் சிதறாது' என்று அவளே எழுதியது. அவள் கணவர் தையல்காரர். ஓடும் காரில் முன்னால் பார்த்தால் அவருக்கு வாந்தி வரும். ஆகவே காரின் பின் இருக்கையை அவள் கழற்றித் திருப்பிப் போட்டுக் கொடுத்திருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இந்த உலகத்தில் எங்கே போனாலும், கடந்து வந்ததைத்தான் பார்த்திருக்கிறார், போகப் போவதைப் பார்த்ததில்லை. மடியில் கால்சட்டையை வைத்து ஓரம் அடித்துக்கொண்டே வருவார், பேசிக்கொண்டும் வருவார். அந்த வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

ஆற்றோரச் சாலைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆறு ஓடிய காலத்தில், படகுகளை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்துப் போகிறவர்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சாலை வழியாகத்தான் நடப்பார்கள். வளைவில் கயிறு சாலைக்குக் குறுக்கே கிடக்கும். அதனால் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் வண்டிக்காரன் இரண்டு முறை ஹாரன் அடித்து, வண்டியை நிறுத்தி, பிறகுதான் திரும்புவான். ஆறு போயிற்று, படகு போயிற்று, கயிறும் போயிற்று, இந்த இரண்டு ஹாரனும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ரெண்டாங்கியர் மட்டும் விடவில்லை. ஹாரன் சத்தம் இரண்டு முறை கேட்டால் கால் தானாக பிரேக்குக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய முதல் பாடம், நடுப்பாடம், கடைசிப் பாடம். அந்தப் பிராந்தியத்தில் லாரி ஓட்டுகிறவன், பஸ் ஓட்டுகிறவன், கல்யாணக் கார் ஓட்டுகிறவன் எல்லோரும் அவளிடம் திட்டு வாங்கிப் படித்தவர்கள். பெரியவர்களானதும் அவளைக் கேலி செய்தார்கள், ஆனால் இரட்டை ஹாரன் கேட்டால் கால் போய் பிரேக்கில் உட்கார்ந்துவிடும், அதை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கேலி செய்தவர்களை அவள் கண்டுகொண்டதில்லை. அவளுக்கு வலித்தது ஒரே ஒரு ஆளின் பேச்சுதான், அந்த ஆள் பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தாள். அது அவளுடைய கூடப் பிறந்த அக்கா. கடல் பக்கத்தில், முகத்துவாரத்து ஊரில் இருக்கிறாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு படகு கட்டினாள். அணை வந்தாலும் தண்ணீர் வரும் என்று எல்லோரையும் போல அவளும் நம்பினாள். வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்து, அப்பாதான் முதலில் கை வைத்துத் தள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அப்பாவை அழைத்து வரும் பொறுப்பு தங்கையுடையது. விடிந்ததும் மலையடி ஊரிலிருந்து கிளம்பியவள், மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தாள். இடையில், முந்தின நாள் சாயங்காலம், அணைக் கதவை இறக்கிவிட்டார்கள். கார் போய் நின்றபோது படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. "நீ மூணாவது கியர் போட்டிருந்தா என் படகு மிதந்திருக்கும்டி" என்றாள் அக்கா. அதுதான் அவள் தங்கையிடம் கடைசியாகப் பேசியது.

உண்மையில் தாமதத்துக்குக் காரணம் கியர் இல்லை. அப்பா ஆலையில் இரவு ஷிஃப்ட்டிலேயே ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவர். ஆற்றங்கரையில் பிறந்தும் பகல் முழுக்கத் தூங்கிய மனிதர். ஆற்றை வெயிலில் பார்த்ததே இல்லை. அன்று முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர், முதல் வளைவில் "கொஞ்சம் நிறுத்தும்மா, பாத்துட்டு வரேன்" என்று இறங்கினார். அடுத்த வளைவிலும் இறங்கினார். நாணலைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், தண்ணீர் திரும்பும் இடத்தில் வெயில் உடைவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவரை அவசரப்படுத்த அவளுக்கு மனசு வரவில்லை. அந்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்த மனிதர் மேல் பழி போடுவதா என்று அவள் அக்காவிடம் சொல்லவில்லை, பின்னால் உட்கார்ந்து எல்லாம் பார்த்த கணவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த மனிதர் ஜென்மத்தில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது. அக்கா சேற்றில் நின்ற படகிலேயே குடியேறி, அதற்குள் சைக்கிள் பஞ்சர் கடை வைத்தாள். டியூபை முக்கிப் பார்க்கும் தொட்டித் தண்ணீர்தான் அந்தப் படகு கண்ட தண்ணீர். ஆனாலும் வருஷா வருஷம் இடுக்கெல்லாம் அடைத்து, அடிப்பலகைக்குத் தார் பூசி, படகை நாளைக்கே மிதக்கப் போகிறது என்கிற நிலையில் வைத்திருந்தாள். பஞ்சர் ஒட்டுகிறவளுக்கு ஓட்டை என்றால் பொறுக்காது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது, "கப்பல்காரம்மா" என்று சிரித்தார்கள்.

இப்போது அந்த இடத்தை நகரசபை பஸ் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டது. படகை உடைத்து அள்ளக் கிரேன் வருகிறது, இன்று சாயங்காலம் வேலை முடிந்துவிடும் என்று, கீழே இருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் கால்சட்டை வாங்க வந்த இடத்தில் தையல்காரரிடம் சொன்னார். தையல்காரர் தண்ணீரில் தப்தப்பென்று ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். ரெண்டாங்கியர் கேட்டுக்கொண்டாள். மாடியை விட்டு இறங்கினாள், காலை நேரத்து மாணவனை வீட்டுக்குப் போகச் சொன்னாள், காரில் ஏறினாள். ஆறு கார்க் கதவு வரை வந்து நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்துப் பேசினதாகச் சொல்வது கட்டுக்கதை. புதிதாக வந்து நிற்கிற எல்லோரையும் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கடைத்தெரு முக்கும் ஒரு வளைவுதானே, பழக்கப்படி இரண்டு முறை ஹாரன் அடித்தாள். ஆறு சட்டென்று தலையைத் தூக்கியது. செருப்புக்கடைக்குள் இருந்த தண்ணீர், வீடுகளுக்குள் இருந்த தண்ணீர், சந்தில் போய் மாட்டிக்கொண்ட தண்ணீர் எல்லாம் ஒன்றாகக் கூடி, காரின் பின்னால் வரிசையில் வந்து நின்றது. அணைக்கரையில் உட்கார்ந்த பெரியவர்கள் இந்த ஹாரனைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கும்போல.

"என்னங்க, வருதா?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டாள் அவள்.

"வருது, வருது. நீ போய்க்கிட்டே இரு" என்றார் பின்னால் பார்த்தபடி அவர்.

முதல் கியர், பிறகு இரண்டாவது. பொறியாளர் பைக்கில் பக்கவாட்டில் வந்தார், வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊரைத் தாண்டியதும் சாலை படுகையை ஒட்டி இறங்கியது. கார் சாலையில், ஆறு அதற்குப் பக்கத்தில் பள்ளத்தில், ஒரு கார் நீளம் பின்னால். முதலில் வந்தது சலவைக்கல் வளைவு. அவள் இரண்டு ஹாரன் அடித்து நிறுத்தினாள். ஆறும் நிறுத்தியது, கொஞ்சம் குலுங்கி. அவள் கையை வெளியே நீட்டித் திரும்புகிற திசையைக் காட்டினாள், திரும்பினாள், ஆறும் திரும்பியது. "அகலமா எடுக்குது. கரையில உரசிட்டு வருது" என்றார் தையல்காரர். "புதுசுல அப்படித்தாங்க. கழுத்தப் புடிச்சா கத்துக்க முடியும்?" என்றாள் அவள். குதிரைலாட வளைவில் அது உரசாமல் திரும்பியது. தலைச்சுற்றி வளைவுகள் வரிசையாக வருமே, செம்பாறைச் சுவருக்கும் மூங்கில் காட்டுக்கும் நடுவில், அங்கே ஆறு அவளுடைய ஹாரனுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தது. ரெண்டாங்கியர் கண்ணாடியில் அதைப் பார்த்து, மாணவர்கள் யாருக்கும் லேசில் கிடைக்காத ஒரு தலையாட்டலைக் கொடுத்தாள்.

அந்த மாதிரி ஒரு பயணத்தை அந்தச் சாலை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பதினெட்டு வருஷமாகச் சாம்பல் நிறத்தில் நின்ற நாணல், தண்ணீர் தொட்ட இடத்திலிருந்து பச்சையாகிக்கொண்டே வந்தது. கார் போகும் வேகத்துக்குப் பச்சையும் கூடவே வந்தது. கொக்குகள் எங்கிருந்தோ வந்து காரின் கூரையில் உட்கார்ந்து இலவசமாகப் பயணம் செய்தன. ஆப்பிள் தோட்டத்துக்காரர்கள் வேலியில் ஏறி நின்று கைதட்டினார்கள். தொங்கு பாலத்தின் மேல் பள்ளிக்கூடமே திரண்டு நின்றது. எதிரே வந்த லாரிகள் இரட்டை ஹாரன் கேட்டு வரிசையாக ஓரம் கட்டின. டிரைவர்கள் இறங்கி, தங்களுக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்தவளையும் அவள் பின்னால் வருவதையும் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் மட்டும் "டீச்சர், இதுக்கும் எட்டுப் போடச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கத்தினார். "உனக்கே இன்னும் ஒழுங்கா வரல" என்று அவள் பதில் சொன்னாள். பின் இருக்கையில் தையல்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் இவ்வளவு அழகாக ஒன்று வருவதை முன்னால் பார்த்து ஓட்டுகிற யாரும் பார்க்க முடியாது என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது. வாந்தி வருகிற உடம்பைக் கொடுத்ததற்கு நன்றி என்று சத்தமாகவே சொன்னார்.

வெயில் சாயத் தொடங்கியதும் அவள் நிமிஷத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். மறுபடியும் தாமதமாகப் போகிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் அப்புறம் எந்தப் பாடம் நினைவில் நிற்கும்? மாமியார் வளைவு என்று ஒன்று உண்டு, அடுத்து என்ன வரும் என்று கடைசி வரை தெரியாது. சாலைக்காரர்கள் அதைத் தவிர்க்க நேராக ஒரு குறுக்குச்சாலை போட்டிருந்தார்கள். படுகையோடு போகிற பழைய சாலை இடதுபக்கம், புதிய தார்ச்சாலை நேராக. கணவர் வேறு, "ஏம்மா, நேரமாச்சும்மா" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார். அவள் ஹாரன் அடிக்கவில்லை. நிறுத்தவில்லை. தன் ஆயுளில் முதல் தடவையாக மூன்றாவது கியரைப் போட்டு, குறுக்குச்சாலையில் நேராகப் பாய்ந்தாள். ஆறு என்ன செய்யும்? டீச்சர் என்ன செய்கிறாளோ அதைத்தான் செய்யும். படுகையை விட்டு எகிறிக் குதித்துத் தார்ச்சாலைக்கு வந்து, அதுவும் மூன்றாவது கியரைப் போட்டது. முன்னால், சாலையின் முடிவில், ஒரு செங்கல் சூளை. சுடாத பச்சைக்கல் மலைமலையாக அடுக்கி, பக்கத்தில் வேலைக்காரர்களின் குடிசைகள், வாசலில் விளையாடும் குழந்தைகள். "நிறுத்து, நிறுத்து, மேல வருது!" என்று தையல்காரர் கத்தினார்.

அவள் நிறுத்தினாள். இரண்டு ஹாரன் அடித்தாள். ஆறு காரின் பின்கண்ணாடியில் மூக்கு உரச நின்றது. பச்சைக்கல்லுக்கும் அதற்கும் நடுவில் அந்த வெளிர்நீலக் கார் மட்டும்தான். குடிசைப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். ஆறு பின்னால் போகாது என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் ரெண்டாங்கியர் அந்த ஊரில் யாருக்கும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்ததில்லை. கழுத்தைத் திருப்பினாள், ஒரு கையை இருக்கையின் மேல் போட்டாள், ரிவர்ஸ் கியரைப் போட்டாள். கார் ஓரங்குலம் பின்னால் போயிற்று. ஆறு ஓரங்குலம் பின்னால் போயிற்று. "மெதுவாடா கண்ணா, மெதுவா. பதறாத" என்று அவள் சொன்னது அப்போதுதான், இது கட்டுக்கதை இல்லை, தையல்காரரும் பொறியாளரும் சாட்சி. சரிவில் மேல்நோக்கி, நுரைகூட எழும்பாமல், அணை வரைக்கும் உள்ள தண்ணீரெல்லாம் ஒன்றுக்கு ஒன்று இடம் விட்டு, அந்த ஆறு மாமியார் வளைவு வரை ரிவர்ஸில் போயிற்று. பொறியாளர் பைக்கை நிறுத்திவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதார். தான் படித்தது அத்தனையும் பொய்யாகிவிட்டதே என்றல்ல, பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததாம். வளைவில் அவள் இரண்டு ஹாரன் அடித்து, கையை இடப்பக்கம் காட்டி, இரண்டாவது கியரில் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நேரம் ஆனால் ஆகட்டும், சேருகிற வழியில்தான் சேர முடியும்.

முகத்துவாரத்து ஊரில் அந்த நேரத்தில் கிரேன் சங்கிலியைப் படகின் நடுவில் சுற்றியாயிற்று. அக்கா படகை விட்டு இறங்க மறுத்து, டியூப் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். "இறங்குங்கம்மா, எனக்கும் மேலதிகாரி இருக்கான்" என்று கிரேன்காரர் மூன்று மணி நேரமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, நகரசபை ஆள் கையை ஆட்டியதும் வேறு வழியில்லாமல் நெம்புகோலை இழுத்தார். சங்கிலி விறைத்தது. படகின் பலகை ஒன்று முனகியது. அப்போது தூரத்தில், கடைசி வளைவுக்கு அப்பால், ஹாரன் இரண்டு முறை கேட்டது. கிரேன்காரர் எந்த டிரைவிங் ஸ்கூலில் படித்தவர் என்று சொல்ல வேண்டியதில்லை. கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. நகரசபை ஆள் என்னென்னவோ கத்தினார். "சார், டீச்சர் வர்றாங்க. திரும்பி முடிக்கிற வரைக்கும் என் கால எடுக்க முடியாது" என்றார் கிரேன்காரர். எடுக்கத்தான் முடியவில்லை.

வளைவில் முதலில் தெரிந்தது எல் போர்டு. அதன் பின்னால், கூரை நிறையக் கொக்குகளோடு கார். அதன் பின்னால், மலையிலிருந்து அந்த வளைவுவரை நீளமாக, வெயிலை முழுக்க வாங்கிக்கொண்டு ஆறு. ஊரே கூரைமேல் ஏறிக் கத்தியது. கார் படகின் பக்கத்தில் வந்து நின்றது. ஆறு நிற்காமல், காரைச் சுற்றிக்கொண்டு, படகின் அடியில் மெல்லப் புகுந்தது. பதினெட்டு வருஷத் தார் ஒரு சொட்டுக்கூட உள்ளே விடவில்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, சங்கிலி தளர்ந்து நழுவியது, பஞ்சர் கடை மிதந்தது. சைக்கிள் டயர்கள் எல்லாம் ஆணியில் ஆடின. அக்கா எழுந்து படகின் முனைக்கு வந்தாள். கீழே, முழங்கால் தண்ணீரில், தங்கை நின்றிருந்தாள்.

"இவ்வளவு நேரமாடி?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. ரெண்டாவது கியர்தான்" என்றாள் தங்கை.

அப்போதுதான் தையல்காரரின் வாயில் இருந்த பதினெட்டு வருஷப் பூட்டு, ஆற்றோடு சேர்ந்து திறந்துகொண்டது. "அண்ணி, சத்தியம் போனா போகுது, சொல்லிடறேன்! அன்னிக்கு மாமாதான் நிறுத்தச் சொன்னாரு. ஒவ்வொரு வளைவுலயும் இறங்கி இறங்கிப் பாத்தாரு. இவ வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டா!" தங்கை அவரை முறைத்தாள். அக்கா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அந்த வீட்டில் பகலில் சத்தம் போடாமல் நடந்து வளர்ந்தவள்தான். திரை போட்ட அறையில் அப்பா தூங்குவதைத் தவிர வேறு பகலை அவளும் பார்த்ததில்லை.

"பாத்தாரா?" என்று கேட்டாள். "எல்லாத்தையும் பாத்தாரா?"

"ஒரு வளைவு விடலக்கா. சிரிச்சாரு. அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிரீஸ் கை, முகமெல்லாம் கறுப்பானது. "அப்ப சரி" என்றாள். பிறகு கையை நீட்டித் தங்கையைப் படகுக்குள் இழுத்துக்கொண்டாள். ஆறு இருவரையும் தூக்கிக்கொண்டு கடைசித் துண்டுச் சாலையைத் தாண்டி, யாரும் காட்டாமலேயே, கடலுக்குள் போயிற்று. கரையில் இருந்த காரில் உட்கார்ந்து தையல்காரர் இரண்டு இரண்டாக ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கிரேன்காரரின் கால் மறுநாள் வரை பிரேக்கிலேயே இருந்ததாகச் சொல்கிறார்கள்.

பஸ் நிலையத்தை வேறு இடத்தில் கட்டிவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, கழிப்பறை மட்டும் சரியில்லை. அணையின் விரிசலைப் பூசி முடித்த பிறகும் பொறியாளர் கதவை இறக்கவில்லை, கேட்டால் துரு என்கிறார். அக்காவின் படகு வாரம் ஒருமுறை மலையடி ஊர் வரை ஆள் ஏற்றிப் போகிறது, பஞ்சரும் ஒட்டுகிறது. அதே நேரத்தில் தங்கையின் கார் சாலையில் போகும். வளைவுக்கு வளைவு கார் இரண்டு ஹாரன் அடிக்க, படகு இரண்டு ஹாரன் அடிக்க, இரண்டும் ஒன்றாகத்தான் போய்ச் சேரும். படகின் முனையில் ஒரு எல் போர்டு இருக்கிறது. அது படகுக்கா ஆற்றுக்கா என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூலுக்கு விடுமுறை. அன்றைக்கு ஆறு கொஞ்சம் வேகமாகத்தான் போகிறது, கரையில் இருப்பவர்கள் துணியைச் சற்று மேலே தள்ளிக் காயப்போடுகிறார்கள்.